எத்தல் ஃபென்விக்: செவிலியர் பதிவேட்டின் முதல் எண்

நர்சிங் வரலாறு என்றதும் பலருடைய பேச்சு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலோடு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இன்று ஒரு நர்ஸின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் பதிவு எண்ணுக்காக ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் வேறொரு பெண்மணி. அந்த எண்ணே கூடாது என்றவர் நைட்டிங்கேல். எத்தல் ஃபென்விக்கைப் பற்றி மாணவிகளும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

யார் இந்த எத்தல் ஃபென்விக்?

ஸ்காட்லாந்தின் எல்கின் நகருக்கு அருகே ஸ்பைனி என்ற ஊரில் 1857 ஜனவரியில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் எத்தல் கோர்டன் மேன்சன். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்ட ஜார்ஜ் ஸ்டோரர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த நிலக்கிழார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஆக, எத்தல் வசதியான வீட்டில் வளர்ந்த பெண். 1947 மார்ச்சில், 90 வயதில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்: பயிற்சி பெற்ற செவிலியரின் பெயர்கள் சட்டப்படி ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

வசதியான வீட்டுப் பெண் இந்த வேலைக்கு எப்படி வந்தார்?

அன்றைய பிரிட்டனில் இப்படிப்பட்ட பெண்களுக்கென்றே ஒரு வழி இருந்தது. சாதாரணப் பயிற்சி மாணவி மருத்துவமனையில் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றார்; வசதி படைத்தவர் தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் தானே கட்டிக் கற்றார். எத்தல் இரண்டாவது வகை. 1878-இல், 21 வயதில், நாட்டிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்து மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரி. பிறகு ‘லண்டன் மருத்துவமனை’ என்றே பெயர்கொண்ட மருத்துவமனையில் வார்டு சிஸ்டர், அதாவது ஒரு வார்டின் பொறுப்புச் செவிலியர்.

1881-இல் லண்டனின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனைக்கு மேட்ரன், அதாவது செவிலியர் அனைவருக்கும் தலைவி, ஆனார். 1123-இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் மருத்துவமனை அது. புது மேட்ரனுக்கு வயது 24. தன்னைவிட மூத்த சிஸ்டர்களை வேலை வாங்கும் பொறுப்பு அந்த வயதில் கிடைத்தால் பலர் கொஞ்சம் பதுங்கித்தான் நடந்திருப்பார்கள். பதுங்கும் சுபாவம் அவருக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை.

மேட்ரனாக என்ன மாற்றம் கொண்டுவந்தார்?

முக்கியமானது ஒன்று: பயிற்சிக் காலத்தை மூன்று ஆண்டுகளாக உயர்த்தினார். அப்போது பயிற்சி என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டது. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இருந்த நைட்டிங்கேல் பள்ளியின் பயிற்சி ஓராண்டு. லண்டன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு. சில சிறிய மருத்துவமனைகளில் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. மூன்று ஆண்டு என்ற அளவுகோலை அவர் கடைசிவரை விடவில்லை. பின்னாளில் வந்த சண்டைகளில் பாதி இந்த ‘மூன்று’ என்ற எண்ணைச் சுற்றித்தான்.

திருமணத்துக்குப் பிறகு?

1887-இல் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்ற மருத்துவரை மணந்தார். மேட்ரன் பதவியைவிட்டு விலகினார். மணமான பெண் மேட்ரனாகத் தொடர்வது அன்றைய வழக்கத்தில் இல்லை. அதன் பிறகு அவர் எந்த வார்டிலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. ‘நர்ஸாகவே இல்லாதவர் நர்ஸ்களுக்காகப் பேசுகிறார்’ என்று எதிராளிகள் குத்திக்காட்ட இது வசதியாகப் போயிற்று. ஆனால் எந்த மருத்துவமனை நிர்வாகமும் அவரை வேலையைவிட்டு நீக்கி மிரட்ட முடியாது என்பதும் இதே நிலைமையின் மறுபக்கம். பணியில் இருந்த மேட்ரன்கள் பலருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

மணமான அதே ஆண்டு இறுதியில், லண்டனில் தம் வீட்டில் மேட்ரன்கள் சிலரைக் கூட்டி பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். விக்டோரியா மகாராணியின் மகள் இளவரசி ஹெலினா அதன் தலைவரானார்.

பதிவேடு அவ்வளவு அவசியமாக இருந்ததா?

அன்றைய லண்டனில் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப்பாருங்கள். வீட்டுக்காரருக்கு டைபாய்டு. வசதியுள்ளவர்கள் மருத்துவமனைக்குப் போகமாட்டார்கள். மருத்துவமனை ஏழைகளுக்கான தர்ம இடம். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். இரவு பகலாக உடனிருக்க ஒரு நர்ஸை வாரச் சம்பளத்துக்கு அமர்த்தச் சொல்வார். முகவர் நிலையத்திலிருந்து ஒருவர் வருகிறார். நீண்ட மேலங்கி, தலையில் பானெட், கையில் ஒரு பை. மூன்று ஆண்டு வார்டில் நின்று கற்றவரா, மூன்று மாதத்தில் வெளியேற்றப்பட்டவரா, சீருடையைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தவரா? அந்த வீட்டுப் பெண்மணிக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. டாக்டருக்கே பல நேரம் தெரியாது.

இத்தனைக்கும் டாக்டர்களுக்கு 1858 சட்டத்தின் மூலம் பதிவேடு வந்துவிட்டது. போலி டாக்டரை அடையாளம் காண ஒரு புத்தகத்தைப் புரட்டினால் போதும். செவிலியருக்கும் அதே ஏற்பாடு வேண்டும் என்றுதான் ஃபென்விக் கேட்டார்: ஒரே அளவான பயிற்சி, பொதுவான தேர்வு, அதற்குப் பின் பதிவு, தவறு செய்தால் பெயர் நீக்கம். இவற்றையெல்லாம் நடத்த, செவிலியரே பெரும்பான்மையாக உள்ள ஒரு கவுன்சில்.

நைட்டிங்கேல் ஏன் எதிர்த்தார்?

பொறாமை என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சுருக்குவது இருவருக்குமே நியாயம் செய்யாது.

நைட்டிங்கேலின் பார்வையில் நல்ல நர்ஸ் என்பது குணத்தின் விஷயம். பொறுமை, கவனம், நேர்மை, நோயாளியிடம் மென்மை. இவற்றை எந்தத் தேர்வுத் தாளில் அளப்பீர்கள் என்பது அவருடைய கேள்வி. எழுத்துத் தேர்வில் சுட்டியான பெண் மோசமான நர்ஸாக இருக்கலாம். படிப்பறிவு குறைந்தவர் அருமையான நர்ஸாக இருக்கலாம். இன்னொன்றும் சொன்னார்: இன்று நல்லவராகப் பதிவேட்டில் ஏறியவர் பத்து ஆண்டுகள் கழித்து எப்படி இருப்பார் என்று அச்சிட்ட பெயர் சொல்லுமா? கூடவே வேலை பார்த்த மேட்ரனின் வாய்ச்சொல்லே நம்பகமான சான்று என்பது அவர் முடிவு.

மேட்ரனின் வாய்ச்சொல் மருத்துவமனைச் சுவருக்குள் செல்லும். வெளியே, எந்த மேட்ரனையும் அறியாத ஒரு வீட்டில் அது எப்படிச் செல்லும் என்பது ஃபென்விக் தரப்பின் வாதம். குணத்தைச் சட்டம் உறுதி செய்யாதுதான். ஆனால் பயிற்சியே இல்லாதவரை அடையாளம் காட்டும்.

என் கணிப்பில், பதிவேடு வேண்டுமா என்ற கேள்வியில் ஃபென்விக் சரி. பதிவேடு மட்டும் போதுமா என்ற கேள்வியில் நைட்டிங்கேல் சரி. ஒருமுறை ஏறிய பெயர் என்றென்றைக்கும் நிற்கலாமா என்ற அவருடைய ஐயத்துக்குப் பிரிட்டன் பதில் சொல்ல நெடுங்காலம் ஆயிற்று: 2016 முதல் அங்கே ஒவ்வொரு செவிலியரும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தம் தகுதியை மீண்டும் நிரூபித்தாக வேண்டும்.

மற்ற எதிர்ப்பாளர்கள் யார்?

மருத்துவமனை நிர்வாகங்கள். குறிப்பாக லண்டன் மருத்துவமனையின் தலைவர் சிட்னி ஹாலந்து (பின்னாளில் நட்ஸ்ஃபோர்டு பிரபு), அங்கே மேட்ரனாக இருந்த ஈவா லூக்ஸ். அவர்கள் கொள்கை பேசினார்கள். அதற்குக் கீழே கணக்கும் இருந்தது. இரண்டு ஆண்டு பயிற்சி முடித்தவர்களைத் தனியார் வீடுகளுக்கு அனுப்பி மருத்துவமனை வருமானம் பார்த்துவந்தது. மூன்று ஆண்டு முடித்தவரே செவிலியர் என்று சட்டம் வந்தால் அந்த ஏற்பாடு சரிந்துவிடும். டாக்டர்களில் ஒரு சாராருக்கோ, பதிவு பெற்ற நர்ஸ் நாளை தங்களுக்கே போட்டியாக வந்துவிடுவார் என்ற பயம்.

அரச சாசனம் கிடைத்ததே, அப்போதே வெற்றிதானே?

1893-இல் சங்கத்துக்கு அரச சாசனம், அதாவது அரசியின் பெயரால் வழங்கப்படும் அங்கீகாரப் பத்திரம், கிடைத்தது உண்மை. நைட்டிங்கேல் தரப்பு அரசியின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சில்வரை போய் எதிர்த்தும் கிடைத்தது. ஆனால் செவிலியர் பெயர்களின் ‘பட்டியல்’ வைத்துக்கொள்ளத்தான் அனுமதி. ‘பதிவேடு’ என்று சாசனம் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவரும் தாராளமாக வேலை பார்க்கலாம். மேலும் சில ஆண்டுகளில் சங்க நிர்வாகத்தில் டாக்டர்களின் கை ஓங்கியது. தாம் தொடங்கிய சங்கத்திலேயே ஃபென்விக் ஓரங்கட்டப்பட்டார். அவர் அழுது உட்காரவில்லை. புதிய அமைப்புகளைத் தொடங்கிக்கொண்டே போனார்: 1894-இல் மேட்ரன்கள் கவுன்சில், 1902-இல் செவிலியர் பதிவுக்கென்றே ஒரு சங்கம்.

பத்திரிகையும் நடத்தினாராமே?

ஆம். ‘நர்சிங் ரெக்கார்டு’ என்ற வார இதழ் 1893-இல் ஃபென்விக் தம்பதியின் கைக்கு வந்தது. பின்னர் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நர்சிங்’ என்று பெயர் மாறியது. சுமார் அரை நூற்றாண்டு அதன் ஆசிரியர் அவரே. பதிவு மசோதா பற்றிய நாடாளுமன்றச் செய்திகள், வெளிநாட்டுச் சட்டங்கள், மருத்துவமனை ஊழல்கள் என எல்லாம் அதில் வரும். எதிராளிகளைப் பெயர் சொல்லியே சாடுவார். அந்த எழுத்தில் தயவுதாட்சண்யம் கிடையாது. படிக்கச் சுவையானது, நண்பர்களைச் சேர்க்க உதவாதது.

உலகச் செவிலியர் கவுன்சிலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

தொடங்கியவரே அவர்தான். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக அமெரிக்கா சென்றபோது இசபெல் ஹாம்ப்டன், லவினியா டாக் போன்ற அமெரிக்க முன்னோடிகளோடு பழக்கம் ஏற்பட்டது. 1899 ஜூலையில் லண்டனில் உலகச் செவிலியர் கவுன்சில் யோசனையை முன்வைத்தார். 1904 வரை அதன் முதல் தலைவர். லவினியா டாக் செயலாளர். இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளின் செவிலியர் சங்கங்கள் அதில் உள்ளன.

உலகிலேயே முதல் பதிவுச் சட்டம் பிரிட்டனுடையதா?

இல்லை, பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் முந்திக்கொண்டன. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் 1891-லேயே மருத்துவச் சட்டத்தின் கீழ் செவிலியர் பதிவு வந்தது. அதற்குப் பாடுபட்டவர் கிம்பர்லி நகரின் சிஸ்டர் ஹென்றியட்டா ஸ்டாக்டேல். செவிலியருக்கென்றே தனிச் சட்டம் முதலில் இயற்றிய நாடு நியூசிலாந்து, 1901-இல். அதன் முதல் பதிவுச் செவிலியர் எலன் டவுகர்ட்டி, 1902 ஜனவரியில். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 1903. பிரிட்டனில் மருத்துவச்சிகளுக்குக்கூட 1902-இல் சட்டம் வந்துவிட்டது. நர்ஸ்களுக்கு மட்டும் இல்லை.

நாடாளுமன்றத்தில் ஏன் இவ்வளவு இழுபறி?

1904 முதல் முதல் உலகப் போர்வரை மசோதாக்கள் ஆண்டுதோறும் வந்து வந்து போயின. அரசு அல்லாமல் உறுப்பினர் ஒருவர் தாமே கொண்டுவரும் தனி உறுப்பினர் மசோதாவுக்கு அரசு நேரம் ஒதுக்காவிட்டால் அது கூட்டத்தொடரோடு செத்துப்போகும். அரசுகள் நேரம் ஒதுக்கவில்லை. கீழவைத் தேர்வுக் குழு ஒன்று சாட்சிகளை விசாரித்து 1905-இல் பதிவு தேவை என்றே பரிந்துரைத்தது. அதுவும் அலமாரிக்குப் போயிற்று.

இந்தக் கதையில் நமக்குத் தெரிந்த ஒருவர் நுழைகிறார். 1900 முதல் 1906 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆம்ப்டில் பிரபு. 1909-இல் லண்டன் வந்த காந்தியின் தென்னாப்பிரிக்கக் கோரிக்கைக்காக வாதாடியவரும் இவரே. ஊர் திரும்பியதும் செவிலியர் பதிவு மசோதாவைக் கையிலெடுத்து 1908-இல் பிரபுக்கள் சபையில் நிறைவேற்றிக் காட்டினார். கீழவை அதைத் தொடவில்லை.

பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வாக்கில்லாத ஒரு தொழிலின் கோரிக்கைக்கு எந்த உறுப்பினர் அவசரப்படுவார்? ஃபென்விக் பெண் வாக்குரிமைக்காகவும் குரல் கொடுத்தவர். செவிலியர் பிரச்சினையும் பெண்கள் பிரச்சினையும் வேறு வேறு என்று அவர் நினைத்ததே இல்லை.

1919-இல் மட்டும் எப்படி முடிந்தது?

போர் மாற்றியது. 1914 முதல் ஆயிரக்கணக்கான பெண்கள் தன்னார்வ உதவிப் படையில் சேர்ந்து, குறுகிய பயிற்சியோடு ராணுவ மருத்துவமனைகளில் நின்றார்கள். தொண்டு பெரியதுதான். ஆனால் அவர்களும் மூன்று ஆண்டு படித்தவர்களும் பொதுமக்கள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள். போர் முடிந்தபின் யார் யார் என்று பிரிப்பது எப்படி? அந்தக் கேள்வி மருத்துவமனைகளையே அசைத்தது.

1916-இல் நர்சிங் கல்லூரி என்ற அமைப்பு உருவாகித் தானே ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. ஃபென்விக் அதை மருத்துவமனை முதலாளிகளின் அமைப்பாகவே பார்த்தார். இரு தரப்பையும் இணைக்கும் பேச்சு முறிந்தது. ஆளுக்கொரு மசோதா, ஒன்றையொன்று தடுத்தது. கடைசியில் சுகாதார அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் அரசின் சார்பிலேயே மசோதா கொண்டுவந்தார். 1919 டிசம்பரில் இங்கிலாந்து–வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து என மூன்று சட்டங்கள் நிறைவேறின. 1918-இல் பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை வந்ததை அடுத்து இது நடந்தது என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

‘எண் 1’ என்பது என்ன?

1921-இல் இங்கிலாந்து–வேல்ஸ் பதிவேடு திறக்கப்பட்டபோது அதன் முதல் எண் எத்தல் கோர்டன் ஃபென்விக்குக்கு. அப்போது அவருக்கு வயது 64. வார்டைவிட்டு வெளியேறி 34 ஆண்டுகள்.

இவ்வளவு பாடுபட்டவர் கவுன்சில் தேர்தலில் தோற்றது ஏன்?

பலர் கேட்கத் தயங்கும் கேள்வி, பதிலும் கசப்பானது. சட்டப்படி அமைந்த பொதுச் செவிலியர் கவுன்சிலில் 25 பேர்; அவர்களில் 16 பேர் செவிலியர். முதல் கவுன்சில் அரசு நியமனம். அதில் பதிவுக் குழுவின் தலைவர் ஃபென்விக். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே, சான்றிதழைத் துருவித் துருவிப் பார்த்தாக வேண்டும் என்றார் அவர். விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. கவுன்சிலுக்குள் சண்டை முற்றி, தலைவரும் உறுப்பினர்கள் பலரும் ராஜினாமா செய்யும் அளவுக்குப் போயிற்று. அமைச்சர் தலையிட வேண்டியதாயிற்று. நடைமுறையைச் சுலபமாக்கியபின் பதிவு வேகமெடுத்தது. முதல் தேர்தலில் பதிவு பெற்ற செவிலியர்கள் வாக்களித்தார்கள், நர்சிங் கல்லூரியின் ஆதரவாளர்கள் ஜெயித்தார்கள், ஃபென்விக் தோற்றார்.

அவர் போராடி வாங்கிக்கொடுத்த வாக்குச்சீட்டுதான் அவரை வெளியேற்றியது. இதை நன்றி கெட்டதனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வரிசையில் காத்திருந்த மாவட்ட நர்ஸுக்குத் தன் சான்றிதழ் சந்தேகிக்கப்படுவதாகத் தோன்றியிருக்கும். 30 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வைத்த பிடிவாதமே கவுன்சில் மேசையில் அவருக்கு எதிராகத் திரும்பியது.

பணக்காரப் பெண்களுக்கான தொழிலாக நர்சிங்கை மாற்றப் பார்த்தார் என்ற குற்றச்சாட்டு?

பெருமளவு உண்மை. படித்த, நல்ல குடும்பத்துப் பெண்களே இத்தொழிலை உயர்த்துவார்கள் என்று அவர் நம்பினார். பதிவுக் கட்டணம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங்; சொற்பச் சம்பளம் வாங்கிய நர்ஸுக்கு அது சின்னத் தொகை இல்லை. மனநல மருத்துவமனைச் செவிலியர், காய்ச்சல் மருத்துவமனைச் செவிலியர், ஆண் செவிலியர் ஆகியோரைச் சட்டம் பதிவேட்டின் துணைப் பகுதிகளில் வைத்தது. ஆண்கள் பொதுப் பகுதிக்கு வர 1949 வரை ஆயிற்று. 1943-இல் உதவிச் செவிலியருக்கும் சட்டம் ஒரு பட்டியல் ஏற்படுத்தியபோது, 86 வயதிலும் ஃபென்விக் எதிர்த்து எழுதினார். வார்டுகளில் உண்மையில் வேலையைத் தாங்கிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பங்கு அந்த உதவிச் செவிலியர்கள். அவரைப் போற்றுபவர்கள் இந்தப் பக்கத்தை மறைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

தமிழ்நாட்டுச் செவிலியருக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

ஆம்ப்டில் பிரபுவைச் சொல்லிவிட்டேன். இந்தியப் பயிற்சிச் செவிலியர் சங்கம் 1908-இல் தொடங்கி, 1912-இல் ஃபென்விக் உருவாக்கிய உலகக் கவுன்சிலில் சேர்ந்தது. 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சில் அந்தச் சட்டத்தின் வழி வந்ததே. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947 டிசம்பரில், ஃபென்விக் இறந்து ஒன்பது மாதம் கழித்து, வந்தது. அதற்கு மாற்றாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது.

படிப்புச் சான்றிதழ் இருந்தால் போதாதா? பதிவு எதற்கு?

இரண்டும் வேறு. படித்து முடித்ததைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் சொல்கின்றன. வேலை பார்க்கும் தகுதியை வழங்குவதும், ஒழுங்கீனம் நிரூபணமானால் பெயரை நீக்குவதும் கவுன்சிலின் அதிகாரம். பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் நம்மூர் நர்ஸ் அந்நாட்டுக் கவுன்சிலில் தனியாகப் பதிவு பெற வேண்டியிருப்பதும் இதனால்தான். அந்தக் கவுன்சில், ஃபென்விக் தோற்றுப்போன கவுன்சிலின் வாரிசு.

பிறகு ஏன் செவிலியர் தினம் நைட்டிங்கேலின் பிறந்தநாளில்?

மே 12-ஐத் தேர்ந்தெடுத்தது, 1974-இல், ஃபென்விக் தொடங்கிய உலகச் செவிலியர் கவுன்சில். அவருடைய பத்திரிகை அப்போது இருந்திருந்தால் தலையங்கம் சூடாக வந்திருக்கும்.

அவர் நினைவாக லண்டனில் ஏதாவது இருக்கிறதா?

எண் 20, அப்பர் விம்போல் தெரு. 1887 முதல் 1924 வரை அவர் வாழ்ந்த வீடு. சுவரில் நீலப் பலகை பதித்திருக்கிறார்கள். தெருவில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.